சத்தக்காரரின் என்ஜின்

ஜனவரி 20, திங்கள்

இந்த டைரி ஆயில் கடையில் வருஷா வருஷம் சும்மா கொடுப்பது. போன வருஷத்து டைரியைக் கிழித்து வடைக்கு எண்ணெய் ஒற்றினேன். இந்த வருஷம் எழுதப் போகிறேன். பக்தியோ ஆசையோ காரணமில்லை, கோபம்தான்.

மானிய ஆபீசில் இன்று செக்ஷன் அம்மா, "நீங்க இதுக்கு முன்னால வரவே இல்லையே" என்று கூசாமல் சொன்னார். எட்டாம் தேதி காலை பத்து மணியிலிருந்து மூன்றரை வரை அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டைப்பயறுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டதைக்கூடப் பார்த்தேன். அதையும் சொன்னேன். "என்னைக்கு வந்தீங்க, யாரப் பாத்தீங்கன்னு எழுதி வெச்சிருக்கீங்களா? இல்லைல்ல?" என்றார்.

சரி, இன்று முதல் ஆதாரம் இருக்கும். யாராவது பெரிய அதிகாரி இதைப் படிக்க நேர்ந்தால் விளங்கட்டும் என்று முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நான் பாவாயி. வயது ஐம்பத்து நான்கு. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் இறந்து மூன்று வருஷம். நாலு ஏக்கர் காடு, ஒரு டிராக்டர். வண்டி 2004இல் வாங்கியது. வாடகைக்கு உழவு ஓட்டித்தான் சாப்பிடுகிறேன், ஓட்டுவதும் நானே. அண்ணன் தம்பி பாகம் பிரிந்த பிறகு என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறவே இல்லை. முதுகு வலி என்பார். அதனால் நாற்பத்து மூன்று வயதில் நான் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டேன்.

இப்போது பழைய வண்டிகளுக்கு ஏகக் கெடுபிடி. கரும்பு ஆலையில் இருபது வருஷம் தாண்டிய வண்டியை கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை. அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. பழைய டிராக்டரை உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால் புதிய வண்டி விலையில் பாதி மானியம். கடைசி நாள் மார்ச் 20. இது கிடைத்தால் இன்னும் பத்து வருஷம் யாரிடமும் கையேந்தாமல் உழவு ஓட்டுவேன். கிடைக்காவிட்டால் ஓசூரில் மகள் வீட்டில் பேரனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மாப்பிள்ளை நல்லவர்தான். அது வேறு விஷயம்.

ஜனவரி 24, வெள்ளி

சர்வர் இல்லை. போக ஒன்றேகால் மணி நேரம் பஸ், வர ஒன்றேகால் மணி நேரம் பஸ். சர்வர் இல்லை என்று சொல்ல அரை நிமிஷம்.

ஜனவரி 30, வியாழன்

விண்ணப்பம் ஒருவழியாக ஏறிவிட்டது. ஆர்.சி. புத்தகம், ஆதார், சிட்டா, வாரிசுச் சான்று, வீட்டுக்காரரின் இறப்புச் சான்று. அவர் இறந்ததை இந்த ஒரு மாதத்தில் ஏழு முறை நிரூபித்துவிட்டேன். நல்லவேளை, ஆர்.சி.யைப் போன வருஷமே என் பேருக்கு மாற்றி வைத்திருந்தேன். புரோக்கர் வழியாக, வண்டியைக் காட்டாமலே.

சாயங்காலம் வண்டிக்கு ஆயில் மாற்றினேன். மீட்டரில் 250 மணி நேரம் ஓடினால் மாற்றிவிட வேண்டும். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. "ஒடைக்கப் போற வண்டிக்கு எதுக்குங்கக்கா புது ஆயிலு?" என்று பால்காரர் சிரித்தார். பழக்கம் என்று சொன்னேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மூத்தவர் வீட்டு ஷெட்டில் அதே வருஷத்து, அதே கம்பெனி, அதே சிவப்பு வண்டி நாலு வருஷமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மூத்தவர் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் சாமியப்பன். அவரும் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். யார் போய்ச் சொல்வது? பாகம் பிரிந்ததிலிருந்து, பதினொரு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சு இல்லை.

பிப்ரவரி 5, புதன்

இரண்டு இடத்தில் உழவு. வரும் வழியில் மூத்தவர் எதிரே சைக்கிளில் வந்தார். என் வண்டி போகும்போதெல்லாம் சைக்கிளை ஓரம் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், வண்டி வளைவு தாண்டும் வரைக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் அவருக்குச் சத்தக்காரர் என்று பேர். பாகம் பிரிந்த வாரத்திலிருந்தே, "இது என்ற வண்டிச் சத்தம் இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்போதுதான் அவர் வண்டிக்கு என்ஜின் வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேலை சரியில்லை என்று மெக்கானிக் குப்புராஜோடு சண்டை போட்டார். வேறு மூன்று பட்டறையில் காட்டினார். கடைசியில் அவர் மனைவி, எனக்கு ஓரகத்தி, ரங்கநாயகி அக்கா அவரை ஈரோட்டுக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்தப் பேரை யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ரோட்டில் பழனிக்கு நடக்கிறவர்களின் கூட்டம். எல்லோரும் மோர் ஊற்றினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். எனக்கு இந்த நாள் ஆகாது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆய்வுக்கு என்ஜினியர் வந்தார். ஹரிகரன் என்று பேர், சின்ன வயது. ஷூவில் சேறு படக் கூடாது என்று வரப்பில் கோழி மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். சேசிஸ் நம்பரின் மேல் டேப் ஒட்டி, பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார். ஆர்.சி.யோடு பொருந்தியது. என்ஜின் நம்பர் எங்கே என்றார். அது கிரீசுக்கு அடியில் கிடந்தது. நானே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் காட்டினேன். துடைக்காமல் இருந்திருக்கலாம்.

ஆர்.சி.யில் கடைசி மூன்று எண் 417. வண்டியில் 386.

"அம்மா, இது உங்க என்ஜின் இல்ல."

"என்ற வண்டிக்குள்ள இருக்கறது என்றதில்லாம வேற யாருதுங் சார்?"

"அதத்தாம்மா நானும் கேக்கறேன்" என்று ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். டீ வைத்தேன், குடிக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

கம்பெனியில் நம்பர் அடிக்கிறவன் தூக்கக் கலக்கத்தில் அடித்திருப்பான். இல்லையென்றால் ஆர்.சி. எழுதினவன் தப்பாக எழுதியிருப்பான். எனக்கென்ன தெரியும்? நான் வண்டி ஓட்டுகிறவள். மூடியைத் திறந்து நம்பரைப் படித்துக்கொண்டா உழவு ஓட்ட முடியும்?

சோளத்துக்குத் தண்ணீர் கட்டினேன். மோட்டார் இரண்டு தடவை நின்றது.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆபீஸ். பதினொன்றேகாலுக்குப் போய் இரண்டு மணிக்கு ஹரிகரன் சாரைப் பார்த்தேன். (ஆதாரத்துக்காக எழுதுகிறேன்: அவருக்குப் பின்னால் இருந்த கடிகாரம் ஓடவில்லை. என் போனில் பார்த்த நேரம்.)

"ஒடைக்கத்தானுங் சார் கொண்டுபோறோம்? எந்த என்ஜினா இருந்தா என்னுங்?" என்று கேட்டேன்.

"ஒடைக்கறதா இருந்தாலும் சரியான வண்டியத்தாம்மா ஒடைக்கணும்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. நிஜமாகவேதான் சொல்கிறார்.

இரண்டு வழி இருக்கிறதாம். 417ஆம் என்ஜின் காணாமல் போய்விட்டது என்று போலீசில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி வரலாம். இல்லாவிட்டால் அதைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டிக் காட்டலாம். இருபத்தொரு வருஷ வண்டியைச் சப்பையாக நசுக்குவதற்கு முன்னால் அதற்கு அதன் சொந்த என்ஜினை மாட்ட வேண்டுமாம்! கேட்கும்போதே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அது எங்க போச்சுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

பஸ்ஸில் வரும்போது புகாரே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். புகார் கொடுத்தால் போலீஸ் தேடும். தேடினால் எங்கே போய் நிற்பார்கள், யாரைத் திருடன் என்பார்கள் என்று யோசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

குப்புராஜ் பட்டறைக்குப் போனேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்.சி.யை நீட்டியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னிக்காவது வருவீங்கன்னு தெரியுமுங்கக்கா" என்றார். "என்ஜின் வேல சரியில்லைன்னு பெரியவரு இந்தப் பட்டறைக்கு முன்னால நின்னு கத்துனாருங். ஊரே வேடிக்க பாத்துச்சு. எத்தனையோ பேரு எங்கிட்ட வண்டி விடறதையே நிறுத்திட்டாங்க. வாயத் தொறக்கல நானு. வெளிய சொல்லீராதன்னு உங்க வீட்டுக்காரரு கையப் புடிச்சுக் கேட்டிருந்தாருங்."

திருப்பி மாற்ற எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

"நாலு நாளுங். ஆனா பெரியவரு முன்னால நின்னாத்தான் ஸ்பேனரையே தொடுவன். இன்னொருக்கா ஒளிஞ்சு பண்றதுக்கு ஒடம்புல தெம்பில்லீங்கக்கா."

இவருக்கு ரொம்பத்தான் நியாயம். அன்று டீயோடு மூன்று பணியாரம் சாப்பிட்டபோது இந்த நியாயம் எங்கே போயிருந்தது?

பிப்ரவரி 22, சனி

எழுதித்தான் தொலைக்கிறேன். பணியாரம் வரைக்கும் எழுதியாகிவிட்டது.

வண்டி இரண்டும் அண்ணன் தம்பி ஒரே நாளில் எடுத்தது. பாகம் பிரிக்கும்போது, அவரவர் பேரில் இருப்பது அவரவருக்கு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மூத்தவர் வண்டிக்குப் பொதுப் பணத்தில் என்ஜின் வேலை முழுக்க முடிந்திருந்தது. அடுத்து எங்கள் வண்டிக்கு என்று பேச்சு. அதற்குள் பாகம் வந்துவிட்டது. எங்கள் வண்டி சூளை மாதிரி புகைந்துகொண்டிருந்தது.

அந்தத் தைப்பூசத்துக்கு மூத்தவர் குடும்பத்தோடு பழனிக்கு நடந்தார். போக வர ஆறு நாள். வண்டி இரண்டும் அப்போது ஒரே ஷெட்டில்தான் நின்றன. குப்புராஜ் வந்து, சங்கிலிக் கப்பி கட்டி, இரண்டு என்ஜினையும் இறக்கி மாற்றி ஏற்றினார். மூத்தவர் மொட்டைத் தலையோடு பஞ்சாமிர்தம் கொண்டுவந்து எங்களுக்கும் கொடுத்தார். அடுத்த வாரம் பாகம்.

என் வீட்டுக்காரர் செய்த வேலை இது. நான் டீ போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். பொதுப் பணம் போட்ட என்ஜினில் எங்களுக்கும் பாதி உண்டுதானே? இதில் திருட்டு எங்கே வந்தது?

பிப்ரவரி 27, வியாழன்

மூத்தவர் வீட்டு வாசல் வரை போனேன். நாய் குரைத்தது. எனக்குத் தெரியாத நாய். பாகம் பிரிந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது நாயாக இருக்கும். திரும்பிவிட்டேன்.

மார்ச் 1, சனி

இன்னும் பத்தொன்பது நாள்.

சத்தக்காரர் என்று பேர் வைத்தது நான்தான். பால் சொசைட்டி வரிசையில் நிற்கும்போது சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்மேல் ஊர் சிரித்துக்கொண்டிருந்தால் அவர் சொல்வதை யாரும் காதில் வாங்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 3, திங்கள்

போய்விட்டேன்.

எங்கள் பக்கம் மூத்தனாரிடம் நேருக்கு நேர் நின்று பேசும் வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதுவானாலும் அக்கா வழியாகத்தான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், "அக்கா, மாமாகிட்டச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அவரும் அக்காவிடம்தான் பதில் சொல்வார். நான் மருமகளாக இருந்த காலத்தில் இந்த வழக்கத்தை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அது இருந்ததால்தான் பிழைத்தேன்.

அக்கா களத்தில் மஞ்சள் புடைத்துக்கொண்டிருந்தார். மூத்தவர் கட்டிலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். வா என்று இருவரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அக்கா, மாமாகிட்டச் சொல்லுங்க. அவிய வண்டியில இருக்கறது எங்க என்ஜினு. எங்க வண்டியில இருக்கறது அவியளுது. பாகத்துக்கு முன்னால, நீங்க பழனிக்குப் போயிருந்தப்ப மாத்திட்டாரு."

மாத்திட்டாரு என்றுதான் சொன்னேன்.

அக்கா முறத்தைப் பிடித்தபடியே மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த மனுசன நாங் காது ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனன்டி பாவாயி. காது நல்லா இருக்குதுன்னதும் மண்ட டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனன். அங்க மாத்திர குடுத்தாங்க. ரெண்டு வருசம்! வேண்டாங்கறவர நாந்தான் மிரட்டி முழுங்க வெச்சன். அதத் தின்னுபோட்டுப் பகலெல்லாம் தூங்குவாரு. கூலிக்கு ஆள் வெச்சுக் காடு பாத்தன். நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் பாத்துட்டுத்தானடி இருந்த?"

முறத்தை வீசினார். என்மேல் படவில்லை. பட்டிருக்கலாம். களம் முழுக்க மஞ்சள் சிதறியது.

மூத்தவர் எழுந்து உள்ளே போனார். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். துண்டால் என்ஜின் பக்கவாட்டில் துடைக்கிறார், துடைக்கிறார், அவ்வளவு நேரம் துடைத்தார். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னார்:

"நாலு ஒண்ணு ஏழு. பொஸ்தகத்துல மூணு எட்டு ஆறு. எப்ப மாத்தறதுன்னு கேளு."

இத்தனை வருஷத்தில் எந்த மெக்கானிக்குக்கும் நம்பரைப் பார்க்கத் தோன்றவில்லை. எல்லோரும் அவர் காதில்தான் குறை தேடினார்கள்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு நாளாக வேலை நடக்கிறது, மூத்தவர் ஷெட்டில். என் வண்டியைக் கொண்டுபோய் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முன்பு நின்ற அதே இடம். மூத்தவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்கிறார். குப்புராஜுக்கு அவர் கையாலேயே மோர் கொடுத்தார். குப்புராஜ் சொம்பை வாங்கி, அவர் முகத்தைப் பார்க்காமலே குடித்தார்.

எனக்கு யாரும் மோர் தரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வேலை முடிந்தது. மூத்தவர் வண்டியைக் குப்புராஜ் ஸ்டார்ட் பண்ணினார். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரோட்டோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பாரே, அதே மாதிரி. எனக்கு அன்றெல்லாம் வந்த கோபத்தை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

"இதான்" என்றார். அக்கா பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டயா? இதான்" என்றார். அக்கா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வண்டியை நிறுத்திய பிறகு அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "செத்தவனப் பேசக் கூடாது. ஆனாச் சென்னியப்பன் எனக்கு இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம். தோள்ல தூக்கி வளத்தவன் நானு. அவன் எழவுக்கு ரோடு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டன். உள்ள வந்திருக்கோணும்னு மூணு வருசமா மனசு கெடந்து அரிச்சுது. இப்பத் தெரியுது, வராததே சரின்னு."

அதுவரைக்கும் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. பேசாமல் இருந்திருந்தால் என் காரியம் முடிந்திருக்கும். என்ஜின் கிடைத்தாயிற்று, மானியமும் கிடைத்துவிடும். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

"மாமா, அவர் இல்லீங். நாந்தானுங்."

அக்கா வழியாகச் சொல்லவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"அவரு மாட்டேன்னுதான் சொன்னாருங். பொட்டப் புள்ளைய வெச்சுக்கிட்டுப் பொக வண்டியோட நடுத்தெருவுல நிக்கறதான்னு நாந்தான் அழுது அடம் புடிச்சன். ரெண்டு நாள் அடுப்புப் பத்த வெக்கல. குப்புராஜக் கூப்புட்டு விட்டதும் நாந்தான். அதுக்கப்பறம் அவரு அந்த வண்டியில ஏறவே இல்லீங் மாமா. முதுகு வலின்னாரு. முதுகுல ஒரு வலியும் இல்லீங்."

குப்புராஜ் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூத்தவர் வண்டியின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தே கேட்டார்.

"ஆயிலு காலாகாலத்துக்கு மாத்துனயா அம்மணி?"

"எரநூத்தம்பது மணிக்கு ஒருக்கா மாமா. ஒருக்காலும் தவறுனதில்லீங்."

"வால்வு மூடியக் கழட்டுனப்பவே பாத்தன்" என்றார். "நல்லாத்தான் வெச்சிருந்திருக்கற."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். என் வீட்டுக்காரர் இறந்த அன்றுகூட இப்படி அழவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஹரிகரன் சார் மறுபடி வந்தார். டேப், பென்சில், மண்ணெண்ணெய். 417 சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். 417 எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவே இல்லை! இத்தனை நாள் நான் பயந்து செத்ததெல்லாம் தண்டம்.

பக்கத்து ஷெட்டைப் பார்த்துவிட்டு மூத்தவரிடம், "ஐயா, உங்க வண்டியும் அதே வருஷம்தானே, நீங்களும் அப்ளை பண்ணலாமே" என்றார்.

"இப்பத்தானுங்களே வந்திருக்குது" என்றார் மூத்தவர்.

ஹரிகரன் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்து ஜீப்புக்குப் போனார்.

இப்போது அடுத்த ரோதனை. உடைப்பு மையம் முப்பது கிலோமீட்டர். என் வண்டியோ பத்தடி ஓடி நின்று புகை கக்குகிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் மூத்தவர் தலையில் நாங்கள் கட்டிய என்ஜின் இதுதான். இப்போது நான் ஓட்டிப் பார்க்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலை ஆறரைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் வண்டிச் சத்தம். வாசலுக்கு வந்து நின்றது. மூத்தவர்தான் ஓட்டி வந்திருந்தார். இரும்புச் சங்கிலி கொண்டுவந்திருந்தார். அதை என் வண்டியின் முன் அச்சில் மாட்டினார். நான் என் வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் இழுத்தார். ஊருக்குள் போகும்போது டீக்கடை வாசலில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பால் சொசைட்டி வரிசையும் பார்த்தது.

மையத்தில் எடை மேடை பழுது. பதினொன்று முதல் மூன்று வரை காத்திருந்தோம். அக்கா கொடுத்துவிட்ட புளிச்சோறு தூக்குப்போசியில் இருந்தது. இரண்டு பேருக்குப் போதும் அளவு இருந்தது.

மூன்றரைக்குச் சான்றிதழ் கையில் வந்தது. மானியம் எப்போது என்று கேட்டேன். நிதி வந்ததும் என்றார்கள். நிதி எப்போது வரும் என்றதற்குச் சர்வரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

சரக்கு தூக்கும் இயந்திரம் என் வண்டியைக் கவ்வித் தூக்கியது. நான் பார்க்கவில்லை. மூத்தவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்புவதற்கு அவர் வண்டிதான். நான் மட்காட்டில் ஏறப் போனேன். என் வீட்டுக்காரர் முன்பெல்லாம் அண்ணன் ஓட்டும்போது உட்காரும் இடம் அது. மூத்தவர் அங்கே முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஓட்டு அம்மணி. இதோட பக்குவம் இப்ப உனக்குத்தான் தெரியும்."

முப்பது கிலோமீட்டர் நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்கவில்லை. கியர் மாற்றும் இடத்தில் தாமதித்தால் மட்காட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

மார்ச் 20, வியாழன்

கடைசி நாள். சான்றிதழை ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கினேன். செக்ஷன் அம்மா, "பதினெட்டாந் தேதியே வர வேண்டியதுதானே?" என்றார். அன்று எங்கே இருந்தேன் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்று வாய் வரை வந்தது. கைப்பையில்தான் இந்த டைரி இருந்தது. எடுக்கவில்லை. இதை எடுத்து நீட்டினால் மாட்டிக்கொள்ளப் போகிறவள் நான்.

வரும் வழியில் ஆயில் கடையில் ஒரு கேன் வாங்கினேன். என்ஜினை இறக்கி ஏற்றினால் முதல் ஐம்பது மணி நேரத்தில் ஆயிலை மாற்றிவிட வேண்டும். மாமா மறந்துவிடுவார். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.